ஒண்ணும் ஆகாது, வாங்க

கொடியேற்றி முடிந்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து வந்திருந்த மருந்துக் கம்பெனி ஏஜென்ட் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அங்க எத்தனை பேரைப் போட்டீங்க?"

அவர் வாயில் கிடந்த ஆரஞ்சு மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு உருண்டது. கண்ணை விரித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். இருளப்பசாமிக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து இன்னும் ரெண்டு துண்டு கறி வை என்று கேட்கிற முகம் அது.

"நான் சிக்னல்ல இருந்தேன் சார். வயர்லெஸ் பெட்டி தூக்குறவன்."

"சும்மா சொல்லாதீங்க."

முதலாளி சுப்புராஜ் சிரித்துக்கொண்டே இருளப்பசாமியின் தோளில் தட்டினார். "நம்ம மிலிட்டரி வாயத் தொறக்க மாட்டாரு. ஆனா ஆளு சிங்கம்."

ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில் இருந்தது சுப்புராஜின் பேண்டேஜ் துணிக் கம்பெனி. இருளப்பசாமிக்கு அங்கே வாட்ச்மேன் வேலை. மற்ற நாளெல்லாம் சாதாரணக் காக்கிச் சட்டை. ஆகஸ்ட் பதினைந்துக்கும் ஜனவரி இருபத்தாறுக்கும் மட்டும் பட்டாளத்து உடுப்பைப் போட்டு, ரெண்டு பதக்கத்தையும் குத்திக்கொண்டு வரவேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. வெளியூரிலிருந்து யார் வந்தாலும், புதுசாக வாங்கிய மிஷினைக் காட்டுகிற மாதிரி, கேட்டுப் பக்கம் கூட்டிவந்து அவரைக் காட்டுவார். இருளப்பசாமி விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். அடித்து முடித்ததும் குழாயடியில் போய்க் கையைக் கழுவுவார்.

1990 ஜனவரியில் பென்ஷனோடு ஊர் திரும்பியவர் அவர். இருபது வருஷச் சர்வீஸ். அதில் கடைசி இரண்டரை வருஷத்தை அமைதிப்படையோடு இலங்கையில் கழித்திருந்தார். வந்து இறங்கிய வாரமே, வீட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த தவசிமுத்து அவருக்குக் கிளாஸில் டீ தரவில்லை.

"நம்ம சனத்தையே சுட்டுட்டு வந்த கைக்கு எங்கடையில கிளாஸு கிடையாதுய்யா" என்று, பத்துப் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தன் காறித் துப்பினான். தரையில்தான் துப்பினான். ஆனால் யாருக்கென்று எல்லாருக்கும் தெரிந்தது. இருளப்பசாமி வீட்டைப் பார்க்கத் திரும்பி நடந்தார். அவர்கள் சொல்வதில் பாதி சரி என்றே அவருக்குத் தோன்றியது.

அடுத்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. ஒரே வாரத்தில் ஊர் தலைகீழாகப் புரண்டது. அதே தவசிமுத்து ரோட்டைத் தாண்டி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பெஞ்சில் உட்கார வைத்தார். "நீங்க அன்னைக்கே ஒருத்தன் விடாம முடிச்சிட்டு வந்திருக்கணும் அண்ணாச்சி" என்று ஏடு படிந்த டீயைக் கையில் கொடுத்தார். துப்பியவன் எழுந்து இடம் விட்டான். இருளப்பசாமி ஒரு மடக்குக் குடித்தார். கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். அன்றைக்குத் துப்பியபோதாவது இவனுகள் மனுசனாக இருந்தானுகள் என்று நினைத்துக்கொண்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு அந்தக் கடைப்பக்கம் போகவில்லை.

மனைவி வெள்ளத்தாய்க்கு இவருடைய மௌனம் பழகிவிட்டது. பிள்ளைகள் இல்லாத வீடு. வீட்டில் அவர் சத்தமாகப் பேசுவதே கிடையாது. தண்ணி வேண்டுமானால் எழுந்துபோய் மோந்து குடிப்பார். வாசலில் நின்று "ஏட்டி" என்று கூப்பிட மாட்டார். பக்கத்து வீட்டுக்காரிகள், "ஒன் வீட்டுக்காரரு எம்புட்டு அமைதி" என்று பொறாமைப்பட்டார்கள். வெள்ளத்தாய் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமான புதிதில் லீவுக்கு வந்தால் தெருமுனையிலிருந்தே அவள் பேரைச் சொல்லிக்கொண்டு வந்த மனுசன் அவர். அந்தக் குரல் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அது போன இடம் அவருக்கு மட்டும் தெரியும்.

1987 அக்டோபர் கடைசி. யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஒரு சின்ன ஊர். நாலு பக்கமும் வேலி போட்ட வீடுகள், பனைமரங்கள். அங்கே ஒரு ஓட்டுக் கட்டடத்துக்குள் சனங்கள் ஒளிந்திருப்பதாகத் தகவல் வந்தது. அவர்களோடு ஆயுதக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தெரியாது. இருளப்பசாமி இருந்த பிரிவில் தமிழ் பேசத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அதிகாரி கையில் பிடிக்கிற மைக்கை அவரிடம் நீட்டி இந்தியில் சொன்னார்: "கூப்பிடு."

கூப்பிட்டார். "நானும் தமிழன்தான். எனக்கு ராஜபாளையம். வெளிய வாங்க. ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு, வாங்க."

முதலில் யாரும் வரவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் குழைத்து, அக்கா, அண்ணே, அம்மா என்று முறை வைத்துக் கூப்பிட்டார். தன் குரல் அவ்வளவு இதமாக இருப்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கதவு திறந்தது. பதினோரு பேர், கையைத் தலைக்குமேல் தூக்கியபடி, முற்றத்துக்கு வந்தார்கள். பாதி தூரம் வந்திருப்பார்கள். பனங்காட்டுப் பக்கமிருந்து சுடும் சத்தம் கேட்டது. உடனே இந்தப் பக்கமிருந்தும் சுட்டார்கள். நடுவில் அந்தப் பதினோரு பேர்.

ஐந்து நிமிஷம்கூட இருக்காது. ஓய்ந்தபோது ஏழு பேர் விழுந்து கிடந்தார்கள். எந்தக் குண்டு யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை, பிறகும் யாரும் கேட்கவில்லை. தொடையில் குண்டு பாய்ந்த ஒரு பெண்ணுக்கு இருளப்பசாமிதான் கட்டுப் போட்டார். நாற்பது வயதிருக்கும். அழவில்லை, அலறவில்லை. அவர் பேசிய ஒரே ஒரு வார்த்தையில் குரலை அடையாளம் கண்டுகொண்டு, முகத்தை உற்றுப் பார்த்து, பெற்ற மகனிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"நீதானே மோனை எங்களைக் கூப்பிட்டனி?"

அவ்வளவுதான் நடந்தது. அதிலிருந்துதான் சொந்தக் குரலைக் கேட்டால் அவருக்கு அருவருப்பு. வாய்க்குள் செத்த எலி கிடக்கிற மாதிரி. ஊருக்கு வந்து கிடைத்த வேலையும் பேண்டேஜ் துணிக் கம்பெனியிலா அமைய வேண்டும்? வெளுத்த துணியை மைல் கணக்கில் வெயிலில் காயப்போட்டிருப்பார்கள். கேட்டிலிருந்து பார்த்தால் கண் கூசும். இம்புட்டுத் துணிக்கும் எங்கேயோ காயம் தயாராக இருக்கிறது என்று தோன்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

1993 பிப்ரவரியில் கம்பெனியில் துணி வெளுக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குளோரின் கேஸ் டிரம் கசிந்தது. அடுத்த அறையில் உட்கார்ந்து துணியைச் சுருட்டிக்கொண்டிருந்த பெண்களில் நாலு பேர் மூச்சு முட்டி மயங்கி விழுந்தார்கள். கண்ணெல்லாம் சிவந்து, வாயில் நுரை தள்ளியது. சுப்புராஜ் ஆளுக்கொரு சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் அந்த நாலு பேருக்கும் வருகைப் பதிவேட்டில் அரைநாள் ஆப்சென்ட் போட்டிருந்தது.

சுருட்டுகிற பிரிவில் மூத்தவள் சீனியம்மாள். முப்பத்தைந்து வயது, ஒல்லி, பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அவள்தான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டுக்கு எதிரே ரோட்டோரத்து வேப்பமரத்தடியில் அறுபது பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். டிரம்மை வேறு இடத்துக்கு மாற்று, புகைபோக்கி வை, ஆப்சென்ட்டை எடு, இவ்வளவுதான் கேட்டது.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு முதலாளி இருளப்பசாமியை உள்ளே கூப்பிட்டார். போகிற வழியில், துணிக் குடோனுக்குப் பின்னால், ஒரு லாரியிலிருந்து இறங்கிய பதினைந்து ஆட்கள் பீடி குடித்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார். முகம் தெரியாத ஆட்கள். கையில் உருட்டுக்கட்டை.

"மிலிட்டரி, அந்தப் பொம்பளைக எங்க பேச்ச நம்ப மாட்டாளுக. நீங்க சொன்னா வருவாளுக" என்றார் சுப்புராஜ். "பேச்சுவார்த்தைக்கு மொதலாளி கூப்பிடுறாருன்னு சொல்லுங்க. உள்ள வந்ததும் கேட்டைப் பூட்டிருங்க. அம்புட்டுதான் ஒங்க வேலை."

"உள்ள வந்த பொறவு?"

"ரெண்டு மிஷின் ஒடையும். இவளுகதான் ஒடச்சாளுகன்னு கேஸ் ஆகும். ஒங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? சொன்னதச் செய்யுங்க."

சுதந்திர தினத்துக்கு வைத்திருந்த மைக் செட்டையே கேட்டருகே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இருளப்பசாமி அதன் முன்னால் போய் நின்றார். வேப்பமரத்தடியில் அறுபது முகங்களும் அவரைப் பார்த்தன. மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போக வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்துகொண்டது.

"மொதலாளி பேசணும்ங்காரு. உள்ள வாங்க. ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு, வாங்க."

அதே குரல். ஐந்து வருஷத்துக்கு மேலாக அவர் வெளியே விடாமல் வைத்திருந்த அதே இதமான குரல், ஒரு உத்தரவு வந்ததும் பழகின நாய் மாதிரி எழுந்து ஓடிவந்துவிட்டது. பெண்கள் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். "அண்ணாச்சி சொன்னா சரியா இருக்கும்" என்று ஒருத்தி சொன்னது அவர் காதில் விழுந்தது. சீனியம்மாள் முன்னால் வர, ரோட்டைத் தாண்டத் தொடங்கினார்கள்.

பாதி ரோடு வந்திருந்தார்கள். இருளப்பசாமி கேட்டுக்கு வெளியே வந்து, இரண்டு கதவையும் இழுத்துச் சாத்திச் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். சாவியை ரோட்டோரச் சாக்கடைக்குள் வீசினார். கருப்பாகக் குமிழி விட்டு அது உள்ளே போனது. பிறகு கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, வான்னீய, இப்ப பூட்டுதீய?" என்றாள் சீனியம்மாள்.

"வராதீங்க. நான் சொன்னது பொய்."

"என்ன பொய்?"

"உள்ள பதினஞ்சு பேரு கட்டையோட நிக்கான். ஒங்க மேல கேஸ் போட ஏற்பாடு. போங்க, மரத்தடிக்குப் போங்க!"

உள்ளேயிருந்து சுப்புராஜ் கத்தினார். தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறி வசவு வந்தது. கம்பி வழியாக ஒருத்தன் கட்டையை விட்டு இருளப்பசாமியின் முதுகில் குத்தினான். இன்னொருத்தன் காதோரம் அடித்தான். அவர் நகரவில்லை. வலித்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள், ரோட்டில் போன பஸ் நின்றது, ஆட்கள் இறங்கி வந்தார்கள். அதற்குமேல் உள்ளே இருந்தவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்று சாயந்திரத்துக்குள் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. தலையில் கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். தவசிமுத்து ஒரு டஜன் வாழைப்பழத்தோடு வந்து, "பட்டாளத்து ரத்தம்னா பட்டாளத்து ரத்தம்தான்" என்றார். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர், ஜவஹர் மைதானத்தில் கூட்டம் போடுகிறோம், நீங்கள் வந்து பத்து நிமிஷம் பேச வேண்டும் என்றார். இருளப்பசாமி எழுந்து கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தார். தலையில் பட்ட அடி என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

சீனியம்மாள் மட்டும் வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"நல்லது செஞ்சீய, இல்லைங்கல. ஆனா மொதல்ல கூப்பிட்டதும் நீங்கதான?" என்றாள்.

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வந்தவர்களில் அவள் ஒருத்திதான் உண்மையைப் பேசினாள் என்று இருளப்பசாமிக்குப் பட்டது.

அவர் வேலை அன்றோடு போனது. வேலைநிறுத்தம் இன்னும் மூன்று வாரம் நடந்தது. கடைசியில் டிரம்மை மாற்றி, புகைபோக்கி வைத்தார்கள். சீனியம்மாளைத் தவிர மற்றவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவள்மேலும் இன்னும் நாலு பேர்மேலும், அத்துமீறி நுழையப் பார்த்தார்கள், வாட்ச்மேனைத் தாக்கிச் சாவியைப் பறித்தார்கள் என்று சுப்புராஜ் கேஸ் கொடுத்தார். இருளப்பசாமி பட்ட அடியையே அவர்கள் கணக்கில் எழுதிவிட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கேஸ் விசாரணைக்கு வந்தது. அந்தப் பெண்கள் தரப்பில் சாட்சி சொல்ல இருளப்பசாமி போனார். வெள்ளத்தாய்க்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அம்மா வீட்டையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று அவளும் கூட வந்து, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி தரப்பு வக்கீல் கருத்த கோட்டுக்குள் வேர்த்து வழிந்துகொண்டு கேட்டார். "அன்னைக்கு மைக்ல, உள்ள வாங்க ஒண்ணும் ஆகாதுன்னு நீர் சொன்னீரா இல்லையா?"

"சொன்னேன்."

"உள்ள ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சே சொன்னீரா?"

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

"அப்ப நீர் பொய் பேசுற ஆளு. இப்ப சொல்றத மட்டும் கோர்ட்டு எப்படி நம்பும்? மிலிட்டரில பொய் சொல்லத்தான் பழகிட்டு வந்தீரோ?"

கோர்ட்டில் ரெண்டு பேர் சிரித்தார்கள். இருளப்பசாமி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாய்யா. அங்கயும் இதையேதான் சொன்னேன். ஒண்ணும் ஆகாது வாங்கன்னு சொன்னேன். நம்பி வந்தாங்க. ஏழு பேரு செத்துப்போனாங்க."

சிரிப்பு நின்றது. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் விரலை எடுத்துவிட்டு நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "இது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை. எழுத வேண்டாம்" என்றார். குரல் கடுமையாக இல்லை. ஏழு பேர் எந்தத் தாளிலும் ஏறாமல், மின்விசிறிக் காற்றோடு போனார்கள்.

பிறகு ஒரு மாதத்தில் அந்தக் கேஸ் தள்ளுபடியானது. சீனியம்மாளுக்குச் சத்திரப்பட்டியில் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது.

சாட்சி சொன்ன அன்றைக்குக் கோர்ட்டை விட்டு வந்து பஸ் ஸ்டாண்டு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்ததும் வெள்ளத்தாய் கேட்டாள். "ஏழு பேருன்னா என்ன? யாரு?"

நல்ல மத்தியான வெயில். மூத்திர நாத்தமும், எதிர்க்கடையில் பால் காய்ச்சுகிற வாடையும் கலந்து அடித்தது. இருளப்பசாமி முழுசும் சொன்னார். மைக்கைச் சொன்னார், முறை வைத்துக் கூப்பிட்டதைச் சொன்னார், முற்றத்தைச் சொன்னார், தொடையில் குண்டு பாய்ந்த பெண் கேட்டதைச் சொன்னார்.

"அந்தப் பொம்பள பொழச்சாளா?"

"தெரியாது. வண்டில ஏத்திக் கொண்டுபோனாங்க."

"பேரு என்ன?"

"கேக்கல."

"பேருகூடக் கேக்கல?" அவள் குரல் மாறியிருந்தது. "பொறவு என்ன செஞ்சீய? அன்னைக்குப் பொழுதுக்கும் என்ன செஞ்சீய?"

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூடச் சரியாகச் சொல்லிக்கொண்டதில்லை.

"சாயந்திரம் கேம்ப்புக்குத் திரும்புனோம். கோழி அடிச்சிருந்தாங்க. நல்ல பசி. ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன், வெள்ளத்தாயி. ருசியா இருந்துச்சு. படுத்தேன், ஒறங்கிட்டேன். ஒரு கனவுகூட வரல. எல்லாம் ஒரு வாரம் கழிச்சுத்தான் வந்துச்சு. செத்தவங்களவிட, அந்தச் சோறுதான்... அந்த ருசிதான் என்னைய..."

வெள்ளத்தாய் எழுந்துவிட்டாள். சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தக் கையாலதான் இம்புட்டு வருசமும் எங்கூட உக்காந்து சாப்பிட்டீய" என்றாள். "நீங்க போங்க. நான் அம்மா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு கேக்காதீய."

பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ரதவீதிப் பக்கம் நடந்தாள். அவர் கூப்பிடவில்லை. தனியாகவே ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினார்.

பதினோரு நாள் அவர் வீட்டைப் பெருக்கவில்லை. கஞ்சி வைத்தார், பாதி குடித்தார், மீதி புளித்து நுரைத்துப் பாத்திரத்திலேயே கிடந்தது. போர்வை வேர்வை நாத்தம் அடித்தது. தன் நாத்தம் தன் மூக்குக்கே ஏறுவதில் அவருக்கு ஒருவித நியாயம் இருப்பதுபோலத் தோன்றியது.

பன்னிரண்டாம் நாள் காலை வெள்ளத்தாய் வந்து கதவைத் தள்ளினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை. பையை ஆணியில் மாட்டினாள்.

"எனக்குக் கொமட்டல் இன்னும் நிக்கல" என்றாள். "நிக்கும்னு தோணல. சரியாப்போச்சுன்னு நெனச்சுக்கிறாதீய."

"எனக்கும் நிக்கல" என்றார் அவர்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புளித்த பானையை ஒரு கையால் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தபடி தூக்கினாள்.

"இத நான் கழுவுதேன். நீங்க அந்தப் போர்வைய எடுத்துக்கிட்டுக் கொழாயடிக்கு வாங்க. சோப்புப் பத்தாது, கடையில ரெண்டு கட்டி வாங்கிட்டு வாங்க."

இருளப்பசாமி போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சோப்பு வாங்கப் போனார்.